நேப்பியர் பிரபு கேட்ட சாட்சியம்

சென்னை நேப்பியர் பாலத்தின் பெயருக்கு உரியவர் பொறியாளர் அல்லர், தூதர். பத்தாவது நேப்பியர் பிரபுவான பிரான்சிஸ் நேப்பியர் (1819–1898) வாஷிங்டன், ஹேக், பீட்டர்ஸ்பர்க், பெர்லின் என்று விக்டோரியா அரசின் சார்பில் ஊர் ஊராக இருந்தவர். 1866இல் சென்னை மாகாண கவர்னராக வந்தார். வந்ததும் கஞ்சம் மாவட்டப் பஞ்சம் அவரை எதிர்கொண்டது. 1872இல் வைஸ்ராய் மேயோ பிரபு அந்தமானில் குத்திக் கொல்லப்படவே, சில மாதம் அவர் இடத்தையும் பார்த்துக்கொண்டார்.

ஆனால் அவர் செய்தவற்றில் பெரியது இங்கே நடக்கவில்லை. 1883இல் ஸ்காட்லாந்து மலைநாட்டுக் குத்தகைக் குடியானவர்களின் குறைகளை விசாரிக்கும் ஆணையத்துக்குத் தலைவரானார். லண்டனில் உட்கார்ந்து மனு வாங்கவில்லை. தீவு தீவாகப் போனார். முதல் அமர்வு ஸ்கை தீவின் பிரேஸ் ஊரில். முதல் சாட்சி அங்கஸ் ஸ்டூவர்ட் வாய் திறக்குமுன் ஒரு உறுதி கேட்டார்: உண்மையைச் சொன்னதற்காக என்னை நிலத்தைவிட்டு விரட்டக் கூடாது. அந்த உறுதியை ஆணையத்தால் தர முடியவில்லை. அங்கேயே இருந்த ஜமீன் நிர்வாகி தந்த பிறகுதான் ஸ்டூவர்ட் பேசினார். 1886இல் வந்த சட்டம் நேப்பியரின் யோசனைகள் பலவற்றை ஏற்கவில்லை. ஆனாலும் குடியானவரைக் காரணமின்றி வெளியேற்ற முடியாதென்று ஆக்கியது.

இதை வேலூர்க்காரர்கள் கவனிக்க வேண்டும். சத்துவாச்சாரி கலெக்டர் ஆபீசுக்குத் திங்கள்கிழமை குறைதீர் நாளில் பட்டா ஜெராக்ஸைப் பிளாஸ்டிக் கவரில் பத்திரப்படுத்திக்கொண்டு வருகிறவர்களைப் பாருங்கள். பாலாற்றங்கரையில் தோல் தொழிற்சாலைக் கழிவால் கிணறு உப்பாகிப் போனவரின் மகன் வேலை பார்ப்பதும் தோல் தொழிற்சாலையிலேயே இருக்கலாம். மாசுபடுத்தியவரே இழப்பீடு தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் வேலூர் வழக்கில் 1996இலேயே சொல்லிவிட்டது. ஆனால் தண்ணீரைப் பற்றிப் பேசினால் மகனின் சம்பளம் என்னாகும் என்ற பயத்துக்கு அந்தத் தீர்ப்பில் மருந்தில்லை. ஆகவே மாசு பற்றிய விசாரணை ஆம்பூருக்கும் வாணியம்பாடிக்கும் போகட்டும், கிணற்றடியிலேயே நடக்கட்டும். முதல் சாட்சி பேசுமுன், அவர் வீட்டில் யாருக்கும் வேலை போகாது என்ற உறுதியை விசாரிப்பவர் முதலாளியிடம் எல்லார் முன்னிலையிலும் வாங்கட்டும்.