மாதாவும் இடம்பெயர்ந்தவளே

கேள்வி: இலங்கை உள்நாட்டுப் போர் 2009-இல் முடிந்துவிட்டதே, வரலாற்று வகுப்பில் இன்னும் ஏன் அதன் விளைவுகளைப் படிக்க வேண்டும்? (மடுவிலிருந்து ஒரு மாணவி)

பதில்: முடிந்த திகதி புத்தகத்துக்குத்தான், பிள்ளை. உங்கள் ஊர்க் கோயிலின் மாதா சொரூபத்தையே பாருங்கள். 1670 வாக்கில் ஒல்லாந்தருக்குப் பயந்த கத்தோலிக்கர்களோடு மாந்தையிலிருந்து காட்டுக்கு வந்தவள். 2008 ஏப்ரலில், இந்தப் போரால், மறுபடி தேவன்பிட்டிக்குப் பெயர்ந்து, ஆகஸ்டில் திரும்பினாள். நிவாரண அட்டை ஒன்றுதான் குறை! இடையில், 1999 நவம்பர் 20 அன்று, கோயிலில் தஞ்சமிருந்தவர்கள் மேல் ஷெல் விழுந்து 30-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அதில் தாயை இழந்த குழந்தைக்கு எந்த ஆண்டில் போர் முடிந்தது? ஆசிரியர் சொல்லமாட்டார், சோதனையிலும் வராது. இடம்பெயர்வின் விளைவு வீட்டிலும் இருக்கும்: அம்மம்மாவிடம் காணி உறுதி எங்கே என்று கேட்டுப் பாருங்கள். சோறு வடித்த பிறகு கேளுங்கள், பதில் நீளும்.