உள்ளூர்ச் சம்சாரி

மகன் எங்கே படிக்கிறான் என்று அண்ணாச்சியின் அம்மாவிடம் கேட்டால், "உள்ளூர்லதான்" என்பார். கோவில்பட்டியில் அதற்கு மேல் யாரும் விளக்கம் கேட்பதில்லை. "உள்ளூர்னா பொறவு ஏன் மூணு மாசமா ஆளையே காங்கல?" என்று யாராவது மடக்கினால்தான் திருவனந்தபுரம், மெடிக்கல் காலேஜ், ஆக்குளம் ரோடு என்று கதை விரியும்.

திருவனந்தபுரத்தில் உள்ளூர் என்றே ஓர் ஊர் உண்டு. மலையாளத்தின் மகாகவிகளில் ஒருவரான பரமேஸ்வர ஐயரை அங்கே உள்ளூர் என்றுதான் சொல்வார்கள். "எங்க பக்கம் எட்டயபுரத்துல ஒரு மகாகவி, உள்ளூர்ல ஒரு மகாகவி, நடுவுல நான்" என்பது புதிதாக வருகிறவர்களிடம் அண்ணாச்சி தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ளும் முறை. எட்டயபுரத்தில் இருந்து உள்ளூர் வரைக்கும் நடுவில் அனந்தபுரி எக்ஸ்பிரஸ்தான் ஓடுகிறது என்பதை யாரும் சொல்லிக் காட்டுவதில்லை. அவர் கொண்டுவந்த கடலை மிட்டாய் எல்லார் வாயிலும் இருக்கும்.

அந்த உள்ளூரில், ஒரு குன்றின்மேல், பத்து ஏக்கரில் வளர்ச்சி ஆய்வு மையம் இருக்கிறது. ஆட்டோக்காரரிடம் 'சி.டி.எஸ்.' என்று சொல்ல வேண்டும். டெல்லிப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர் பதவியை விட்டுவிட்டு வந்த பொருளாதார அறிஞர் கே.என். ராஜ், அன்றைய முதல்வர் அச்சுத மேனனின் துணையோடு 1970களின் தொடக்கத்தில் ஆரம்பித்தது. சங்கமாகப் பதிவு செய்த தன்னாட்சி நிறுவனம். பணம் கேரள அரசிடமிருந்தும் மத்திய சமூக அறிவியல் ஆய்வுக் கழகத்திடமிருந்தும் வரும். பட்டம் டெல்லி ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்துடையது. இதை ஊரில் புரியவைப்பதற்குள் அண்ணாச்சிக்கு நாக்குத் தள்ளிவிடும். "கவர்மெண்டா, பிரைவேட்டா?" என்பார் மாமா. "ரெண்டும் இல்ல மாமா." "அப்ப எவ்வளவுடே கட்டுன?" "கட்டல மாமா, அவங்கதான் எனக்கு மாசாமாசம் தாராங்க." மாமா கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, அம்மாவைத் தனியே கூப்பிட்டுப் போய், பையன் ஏதோ கம்பெனியில் மாட்டிக்கொண்டிருக்கிறான், விசாரியுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அண்ணாச்சி என்பது ஒரு தனி ஆள் இல்லை, அது ஒரு பதவி. எனக்குத் தெரிந்தே நாலைந்து பேர் அதில் இருந்திருக்கிறார்கள். அவர்களைக் குழைத்துத்தான் இந்த உருவத்தைப் பிடிக்கிறேன். ஒருவர் ஆய்வேட்டைச் சப்மிட் செய்துவிட்டுப் போனால், அவருடைய கட்டில் சூடு ஆறும் முன்பே அடுத்தவர் அண்ணாச்சியாகிவிடுவார். அவரும் முதல் வருடம் தம்பியாக வந்தவர்தான்.

அண்ணாச்சியின் ஆய்வு, கரிசல் காட்டு மானாவாரி விவசாயிகளைப் பற்றியது. கோவில்பட்டிப் பக்கம் விவசாயியைச் சம்சாரி என்போம். முதல் வாரம் நூலகத்தில் ஒரு சேட்டன், "எந்தா ரிசர்ச்?" என்று கேட்டிருக்கிறார். அண்ணாச்சி தனக்குத் தெரிந்த மலையாளத்தில், "சம்சாரி" என்று சொல்லியிருக்கிறார். மலையாளத்தில் சம்சாரம் என்றால் பேச்சு. பேச்சைப் பற்றி ஆராய்ச்சி செய்ய வந்த ஆள் என்று அந்தச் சேட்டன் எடுத்துக்கொண்டார். வருடங்கள் போகப்போக அது தப்பில்லை என்று ஆகிவிட்டது. காலை எட்டு மணிக்கு மெஸ்ஸில் புட்டும் கடலையுமாக ஆரம்பிக்கிற பேச்சு, இரவு பதினொரு மணிக்குக் கட்டன் சாயாவோடுதான் முடியும். கோவில்பட்டி என்ற பெயரே அங்கே கூடுதல் சிரிப்பு. மலையாளத்தில் பட்டி என்றால் நாய். "அம்பலத்திலெ பட்டி" என்று முதல் வருடம் முழுக்கக் கிண்டல் செய்தார்கள். அண்ணாச்சி அசரவில்லை. உசிலம்பட்டி, ஆண்டிபட்டி, மணப்பட்டி என்று வரிசையாகச் சொல்லி, தமிழ்நாட்டில் எத்தனை பட்டி இருக்கிறது என்று ஒரு புள்ளிவிவரமே கொடுத்துவிட்டார். அவர் ஒழுங்காக முடித்த ஒரே கணக்கெடுப்பு அதுதான் என்பது என் அபிப்பிராயம்.

சின்ன இடத்தில் படிப்பதில் உள்ள சங்கடம் பெரிய பல்கலைக்கழகத்தில் படித்தவர்களுக்குப் புரியாது. ஆயிரக்கணக்கில் பிள்ளைகள் இருக்கிற இடத்தில் ஒருவன் ஆறு மாதம் படிக்காமல் திரிந்தாலும் யாருக்கும் தெரியாது. இங்கே வகுப்பு மொத்தமும் ஒரு வேனில் அடங்கிவிடும். நீங்கள் எத்தனை மணிக்கு எழுந்தீர்கள், கைடு கூப்பிட்டு எத்தனை நிமிடம் பேசினார், வெளியே வரும்போது முகம் எப்படி இருந்தது எல்லாம் மத்தியானச் சாப்பாட்டுக்குள் பொதுச்சொத்து. இதற்குக் கட்டடமும் உடந்தை.

அந்தக் கட்டடங்களைக் கட்டியவர் லாரி பேக்கர். பர்மிங்காமில் 1917இல் பிறந்து, காந்தியைச் சந்தித்து, இந்தியாவிலேயே தங்கி, 2007இல் திருவனந்தபுரத்திலேயே கண்ணை மூடியவர். பூசாத செங்கல் சுவர். ஜன்னல் வைக்க வேண்டிய இடத்தில் ஜன்னல் இல்லாமல், செங்கல்லை இடைவெளி விட்டு அடுக்கி ஓட்டை ஓட்டையாக விட்டிருப்பார். காற்றும் வெளிச்சமும் தானாக வரும். அதற்குப் பெயர் ஜாலி. பெயரைப் பார்த்து மயங்கக்கூடாது. காற்று வருகிற வழியாகத்தான் பேச்சும் வரும். "ரெண்டாவது சாப்டர் திருப்பிக் குடுத்துட்டாரு" என்று அண்ணாச்சி மாடியில் ரகசியமாகச் சொன்னது, கீழே பலா மரத்தடியில் நின்றவர் காதில் விழுந்து, அவர் வந்து ஆறுதல் சொன்ன சம்பவம் உண்டு.

பேக்கரைப் பற்றி அண்ணாச்சியிடம் கேட்டுவிடக்கூடாது. கட்டடக்கலைக் கல்லூரிகளிலிருந்து பிள்ளைகள் பஸ் பிடித்து வந்து, நோட்டும் பென்சிலுமாகக் குன்றைச் சுற்றுவார்கள். அவர்கள் தலை தெரிந்தால் போதும், அண்ணாச்சி லுங்கியை மாற்றிப் பேண்ட் போட்டுக்கொண்டு இறங்கிவிடுவார். நான் ஒருநாள் பின்னாலேயே போய்ப் பார்த்தேன். ஏழு மாடி நூலகக் கோபுரத்தின் முன்னால் நிறுத்தினார். "பாத்துக்கோங்க, சிமெண்டு எவ்வளவு கொறவு." ஒரு சுவரைத் தட்டினார். "செங்கல்லக் குத்தா நிறுத்தி, நடுவுல பொந்து விட்டுக் கட்டுறதுக்கு எலிப்பொறிக் கட்டுன்னு பேரு. பேக்கருக்குப் பிடிச்ச கட்டு. நூறு செங்கல் ஆகுற எடத்துல எழுபத்தஞ்சு போதும். உள்ள இருக்க காத்து வெக்கையையும் தடுக்கும்." பிறகு வளைந்து போகிற ஒரு சுவர் அருகே வந்தார். இங்கேதான் குரல் தழுதழுக்கும். "மரம் நின்னுச்சு. வெட்டல. செவத்தை வளைச்சுட்டாரு." பிள்ளைகள் எழுதிக்கொண்டார்கள். ஒரு பெண், "சார், நீங்க இங்க ஆர்க்கிடெக்டா?" என்று கேட்டாள். அண்ணாச்சி மறுக்கவில்லை. லேசாகச் சிரித்தார்.

அவருடைய ஆய்வேடும் அதே முறையில்தான் வளர்ந்தது. குறுக்கே ஒரு புத்தகம் நின்றால் வெட்டிவிட்டுப் போக மனம் வராது, அத்தியாயத்தை வளைத்துவிடுவார். மானாவாரிப் பருத்தியில் தொடங்கியது, தீப்பெட்டித் தொழிலுக்கு வளைந்து, அங்கிருந்து கந்துவட்டிக்கு வளைந்து, ஒரு மழைக்காலம் முழுக்க 1876ஆம் வருடத் தாது வருஷப் பஞ்சத்தைச் சுற்றிக்கொண்டிருந்தது. "கரிசலப் புரிஞ்சுக்கணும்னா பஞ்சத்தப் புரிஞ்சுக்கணும்டே." சரி அண்ணாச்சி என்றோம்.

இதில் கே.என். ராஜின் நினைவு வேறு அவ்வப்போது வந்து குத்தும். நாட்டின் முதல் ஐந்தாண்டுத் திட்டத்தின் முன்னுரை அத்தியாயத்தை எழுதியபோது அந்த மனிதருக்கு வயது 26. அண்ணாச்சிக்கு அந்த வயது வந்து, போய், அதன்பின் பல பொங்கல் ஆயிற்று. அவருடைய முன்னுரை அத்தியாயம் இன்னும் மூன்றாவது திருத்தத்தில் இருந்தது. "அது நாட்டுக்குப் போட்ட திட்டம், ஈசி. இது கோவில்பட்டி தாலுகாடே" என்றார் ஒருமுறை. இதற்கு நாங்கள் என்ன பதில் சொல்ல?

தாமதத்துக்கு அவர் காட்டும் முக்கியக் காரணம், தரவு. விவசாயிகளின் நிலை பற்றித் தேசிய மாதிரி ஆய்வு நிறுவனம் 2003இல் தனது 59ஆவது சுற்றில் விவரம் திரட்டியது. அதை வைத்து எழுதி முடிக்கிற நேரத்தில் 2013 வந்தது. 70ஆவது சுற்றில் மறுபடியும் திரட்டினார்கள். புதுத் தரவு இருக்கும்போது பழையதை வைத்து எழுதினால் ஊர் சிரிக்காதா? ஊருக்கு இதெல்லாம் தெரியாது என்பது வேறு விஷயம். அம்மாவிடம் போனில் சொல்லிக்கொண்டிருந்தார்: "எழுபதாவது சுத்து வரட்டும்மா, முடிச்சிருதேன்." அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "ஏல, கை முறுக்கே ஏழு சுத்துதான்ல சுத்துவோம்" என்றார் அம்மா. போன் ஸ்பீக்கரில் இருந்தது, சுவர் ஜாலியில் இருந்தது. மறுநாள் முதல் அண்ணாச்சிக்கு 'எழுபது சுத்து முறுக்கு' என்று பெயர்.

புதிதாகச் சேருகிறவர்களுக்கு அவரே முறைப்படி நடத்தும் வகுப்பு ஒன்று உண்டு. இடம், தம்பானூர் பஸ் ஸ்டாண்ட் பக்கத்திலுள்ள இந்தியன் காபி ஹவுஸ். அதுவும் பேக்கர் கட்டியதுதான். செங்கல் நிறத்தில் திருகிக்கொண்டு எழும் கோபுரம். உள்ளே மாடிகளே கிடையாது. ஒரே சரிவுத் தளம் சுற்றிச் சுற்றி மேலே போகும், ஓரத்தில் மேசையும் இருக்கையும் கட்டியே வைத்திருப்பார்கள். விசிறி வைத்த தலைப்பாகையோடு பரிமாறுகிறவர் வந்து நிற்பார். அண்ணாச்சி எல்லாருக்கும் மசால் தோசை சொல்வார். உள்ளே மசால் சிவப்பாக இருக்கும், பீட்ரூட். மதுரைப் பக்கத்திலிருந்து வந்த ஒரு தம்பி தோசையைப் பிரித்துப் பார்த்துவிட்டு முகம் வெளிறிப்போனான். "சாப்டுடே, ஒண்ணும் ஆகாது. இது தொழிலாளிங்க கூட்டுறவு. ஏ.கே. கோபாலன் காலத்துல வேலை போன தொழிலாளிங்க சேந்து ஆரம்பிச்சது." அங்கிருந்து ஐக்கிய நாடுகள் சபைக்காக இந்த மையம் 1975இல் தயாரித்துக் கொடுத்த அறிக்கைக்குப் போவார். வருமானம் குறைவாக இருந்தும் படிப்பிலும் ஆயுளிலும் கேரளம் எப்படி முந்தியது என்று உலகத்தை யோசிக்க வைத்த அறிக்கை. கேரள மாதிரி என்ற பேச்சே அதன்பின் கிளம்பியதுதான். அங்கிருந்து ஜோன் ராபின்சன். கேம்பிரிட்ஜின் அந்தப் பேரறிஞர் 1970களில் உள்ளூருக்கு வந்து தங்கியிருந்ததை அண்ணாச்சி சொல்லும்போது, தானே போய் டீ வாங்கிக் கொடுத்ததுபோல் இருக்கும். அப்போது அவர் பிறக்கவில்லை.

ஒன்றைச் சொல்ல வேண்டும். அந்தத் தம்பி பீட்ரூட்டைத் தின்றுவிட்டு முதல் பருவத்திலேயே கணக்குப் பாடத்தில் மூழ்கித் தத்தளித்தபோது, இரவு இரண்டு மணி வரை உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தது அண்ணாச்சிதான். எனக்கும் அவர்தான். எங்கள் எல்லாருடைய ஆய்வேட்டின் நன்றியுரையிலும் அவர் பெயர் முதல் பத்தியில் இருக்கும். அவருக்கே நன்றியுரை எழுதத்தான் நேரம் வரவில்லை. உதவித்தொகை வரவேண்டிய இடத்திலிருந்து வராமல் நாலு மாதம் இழுத்தபோது, யாரிடம் எவ்வளவு கடன் என்று அவர் எழுதி வைத்த நோட்டு ஒன்று உண்டு. கந்துவட்டி அத்தியாயத்தைவிட அது தெளிவாக இருக்கும்.

டிசம்பரில் திரைப்பட விழா. அந்த எட்டு நாளும் அண்ணாச்சி கழுத்தில் டெலிகேட் அட்டையோடு டாகூர் தியேட்டருக்கும் கைரளிக்கும் இடையே ஓடிக்கொண்டிருப்பார். ஈரானில் விவசாயி படும் பாட்டைப் பார்த்துவிட்டு வந்து, "எங்க சம்சாரியேதான்டே" என்று கண்கலங்குவார். ஆய்வுக்களம் விரிவதாகக் கணக்கு.

இதற்கெல்லாம் நடுவில் ஒரு கேள்வி மட்டும் குன்றெங்கும் அவரைத் துரத்திக்கொண்டே இருந்தது. காவலாளி கேட்பார், நூலகத்தில் கேட்பார்கள், மெஸ்ஸில் மீன்கறி ஊற்றுகிற சேட்டன் கரண்டியைத் தூக்கிப் பிடித்தபடி கேட்பார்: "அண்ணாச்சீ, தீசிஸ் எந்தாயி?" பதில் சொல்லாவிட்டால் கரண்டி சாயாது. அண்ணாச்சி சொல்வார்: "அடுத்த மாசம்." தமிழிலும் மலையாளத்திலும் ஒன்றுபோலவே இருக்கிற சொற்கள் எத்தனையோ உண்டு, இந்த அளவுக்கு அவர் பயன்படுத்தியது வேறில்லை.

பிறகு எதிர்பாராத ஒரு ஜூலையில் அவர் சப்மிட் செய்துவிட்டார். எப்படி என்று யாருக்கும் தெரியாது. கைடு ஓய்வு பெறப்போகிறார் என்பது ஒரு கட்சி. அம்மா ரயிலேறி வந்து ஹாஸ்டல் வாசலில் உட்கார்ந்துவிட்டார் என்பது இன்னொரு கட்சி. வாய்மொழித் தேர்வில் ஒன்றரை மணி நேரம் பேசினார், நிறுத்தத்தான் பாடுபட்டார்களாம். தமிழ்நாட்டில் ஒரு பெரிய கல்லூரியில் வேலையும் கிடைத்தது. ஐயாயிரம் பிள்ளைகள், வெள்ளை அடித்த நேர்நேரான சுவர்கள். முதல் மாதமே போன் செய்தார். "இங்க யாரும் ஒண்ணும் கேக்க மாட்டேங்காங்கடே. காலைல போனா, சாயங்காலம் வரைக்கும் ஒருத்தன் ஒண்ணு கேக்கல."

அந்த டிசம்பரில் திரைப்பட விழாவுக்கு வந்தவர், நேரே குன்றுக்கு வந்து, ஹாஸ்டல் மெஸ்ஸில் தட்டை எடுத்துக்கொண்டு வரிசையில் நின்றார். நான் பின்னால் நின்றேன். சேட்டன் சோற்றை வைத்தார். மீன்கறியில் கரண்டியை விட்டு, தூக்கி, அப்படியே பிடித்துக்கொண்டு, பழக்க தோஷத்தில் கேட்டார்: "அண்ணாச்சீ, தீசிஸ் எந்தாயி?"

சப்மிட் செய்து ஐந்து மாதமான டாக்டர் அண்ணாச்சி தட்டை இன்னும் கொஞ்சம் நீட்டினார்.

"அடுத்த மாசம்."