முதலீடு பூஜ்யம், மூலப்பொருள் சர்க்கார்

சொந்தமாகத் தொழில் தொடங்க ஆசை. சரக்கு வாங்கப் பணமில்லை, கைத்தொழில் எதுவும் தெரியாது, கடன் கேட்டால் வங்கி மேனேஜர் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுகிறார். கவலையை விடுங்கள். உங்களுக்காகவே ஒன்றிய அரசும் மாநில அரசும் லட்சக்கணக்கான ஊழியர்களை வைத்து, ஊரார் வரிப்பணத்தில், ஓயாமல் சரக்கு தயாரித்துக்கொண்டிருக்கின்றன. மேட்டூர் அணையின் 120 அடியில் இன்றைக்கு எத்தனை அடி நிற்கிறது, செம்பரம்பாக்கத்தின் 3,645 மில்லியன் கன அடியில் எவ்வளவு மிச்சம், மண்டியில் தக்காளி என்ன விலை, உங்கள் தெருக்கோடி மனைக்கு வழிகாட்டி மதிப்பு என்ன, எந்தக் கம்பெனிக்கு யார் டைரக்டர் என்று எல்லாமே பொதுவில் கிடக்கிறது. 2012-இல் டெல்லியில் இதற்கென்று தேசியக் கொள்கை ஒன்றை வகுத்து, டேட்டா டாட் கவ் டாட் இன் என்று தனித் தளமே திறந்தார்கள். 2017-இல் உரிமமும் வந்தது. எடுத்துக்கொள்ளலாம், மாற்றலாம், விற்றுச் சம்பாதிக்கலாம், எங்கிருந்து எடுத்தது என்று மட்டும் சொல்லிவிட வேண்டும். தனிமனிதர் விவரங்களும் அரசுச் சின்னங்களும் இதில் அடங்கா என்று கீழே ஒரு வரி இருக்கிறது. அந்த வரி வரைக்கும் நம் தொழில்காரர்கள் வழக்கமாகப் போவதில்லை.

முதல் வேலை, துறையைத் தேர்ந்தெடுப்பது. புதிதாக வருகிறவர்கள் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள். தளம் நன்றாக இருக்கிற துறையாகப் பார்த்துப் போகிறார்கள். நன்றாக இருந்தால் ஜனங்கள் நேராக அங்கேயே போய்விட மாட்டார்களா? உங்களிடம் எதற்கு வருவார்கள்? நீங்கள் தேட வேண்டிய லட்சணங்கள் வேறு. கேப்சா எழுத்துகள் பிள்ளையார் சுழிபோல் நெளிய வேண்டும். மாவட்டம், வட்டம், கிராமம் மூன்றையும் தேர்ந்தெடுத்து முடித்த கையோடு உங்கள் நேரம் முடிந்துவிட்டது, மறுபடி முதலிலிருந்து வாருங்கள் என்று தளம் சொல்ல வேண்டும். செல்போனில் திறந்தால் பாதிப் பொத்தான் திரைக்கு வெளியே நிற்க வேண்டும். சுற்றறிக்கையைக் கோணலாக ஸ்கேன் செய்து பிடிஎஃப்பாகப் போட்டிருந்தால் இன்னும் விசேஷம். இத்தனையும் பொருந்திய தளம் கண்ணில் பட்டால் அன்றைக்கே டொமைன் வாங்கிவிடுங்கள். அந்தத் தளத்தின் கோளாறுதான் உங்கள் லாபம். துறைச் செயலர் எவராவது விழித்துக்கொண்டு அதைச் சரிசெய்துவிடக் கூடாது என்பதுதான் இனி உங்கள் தினசரிப் பிரார்த்தனை.

இவ்வளவு தேட அலுப்பாக இருப்பவர்களுக்கு எளிய வழியும் உண்டு. பின்கோடு 1972 ஆகஸ்ட் 15 அன்று வந்தது. ஒன்றரை லட்சத்துக்கு மேற்பட்ட அஞ்சலகங்களின் பட்டியலை அரசு கோப்பாகவே வைத்திருக்கிறது. அதைப் பிரித்து அஞ்சலகத்துக்கு ஒரு பக்கம் போட்டால் ஒன்றரை லட்சம் பக்கங்கள். பக்கத்துக்கு மூன்று விளம்பரம், கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். வங்கிக் கிளைகளின் ஐஎஃப்எஸ்சி எண்ணும் அப்படித்தான். மொத்தம் 11 இடம். முதல் நான்கு வங்கி, ஐந்தாவது பூஜ்யம், மிச்சம் ஆறு கிளை. ரிசர்வ் வங்கி அதை எக்செல் கோப்பாகப் போட்டிருக்கிறது. பணம் அனுப்புகிற அவசரத்தில் அதை இறக்கித் திறந்து பார்க்க யாருக்குப் பொறுமை? வங்கிகளை இணைத்தபோது பல கிளைகளுக்கு எண் மாறிப்போனதே என்று கேட்பீர்கள். மாறட்டும். பழைய எண்ணுக்கு அனுப்பியவர் பதறிப்போய் மறுபடி உங்கள் பக்கத்துக்குத்தான் வருவார். ஒரே ஆள், இரண்டு வருகை.

அடுத்தது பக்கம் கட்டும் கலை. பட்டா சிட்டாவை எடுத்துக்கொள்வோம். மாநில அரசின் தளத்தில் மாவட்டம், வட்டம், கிராமம், புல எண், உட்பிரிவு எண் கொடுத்து யார் வேண்டுமானாலும் காசில்லாமல் பார்க்கலாம். அ-பதிவேடும் புல வரைபடமும் அதே தளத்தில் கிடைக்கும். வில்லங்கம் பார்க்கப் பதிவுத்துறைத் தளம் இருக்கிறது. ஆக, உங்களிடம் வருகிறவருக்கு வேண்டியது ஒரே ஒரு இணைப்பு. அதை எடுத்த எடுப்பில் கொடுத்துவிட்டால் அவர் போய்விடுவார், நீங்கள் பட்டினி கிடப்பீர்கள். எனவே ‘பட்டா என்றால் என்ன?’ என்று ஆரம்பியுங்கள். பட்டா என்பது நில உரிமையைக் காட்டும் ஆவணம் ஆகும். பட்டா ஏன் முக்கியம்? நில உரிமையைக் காட்டுவதால் முக்கியம். பட்டாவின் நன்மைகள் யாவை? ஐந்து நன்மைகள், ஐந்தும் ஒன்றே. நடுவே சோழர் கால நில அளவை பற்றி ஒரு பத்தி வைத்தால் தமிழ்ப்பற்றும் ஆயிற்று, இடமும் நிரம்பிற்று. இதற்குள் வாசகர் கட்டைவிரலால் அரை கிலோமீட்டர் தள்ளியிருப்பார். அங்கே பச்சை நிறத்தில் மூன்று டவுன்லோட் பொத்தான்கள். இரண்டு விளம்பரம், மூன்றாவது உங்கள் வாட்ஸ்அப் குழு. அரசுத் தளத்தின் முகவரி அதற்கும் கீழே, சாம்பல் நிறத்தில். தலைப்பில் நடப்பு ஆண்டைப் போட மறக்காதீர்கள். ஜனவரி 1 அன்று அந்த எண்ணை மட்டும் மாற்றினால் கட்டுரை புதுசு.

வருடத்தில் ஒரு நாள் மட்டும் உழைத்தால் போதும் என்பவர்கள் பிளஸ் டூ தேர்வு முடிவைப் பிடித்துக்கொள்ளலாம். முடிவு வரும் காலையில் லட்சக்கணக்கான வீடுகள் ஒரே நேரத்தில் அரசுத் தளத்தைத் தட்டும். தளம் திணறும். அந்தத் திணறல் நிமிடங்கள்தான் உங்கள் அறுவடைக் காலம். பக்கத்தைத் திறந்ததும் பதிவு எண்ணைக் கேட்காதீர்கள். முதலில் பெயர், அப்புறம் அப்பாவின் செல்போன் எண், மின்னஞ்சல், எந்த ஊர், எந்தப் படிப்பில் விருப்பம். பிள்ளை நகத்தைக் கடித்துக்கொண்டு எல்லாவற்றையும் நிரப்பும்; அந்த நேரத்தில் சொத்து விவரம் கேட்டால்கூட நிரப்பும். நிரப்பி முடித்ததும் அரசுத் தளத்துக்கே திருப்பி அனுப்பிவிடுங்கள். மார்க் என்னவானாலும் உங்களுக்குக் கவலையில்லை. செல்போன் எண்களை ஒரு எக்செல் கோப்பாக்கி, இடம் காலியாகக் கிடக்கும் கல்லூரிகளுக்குக் கொடுத்தால் மாலைக்குள் அந்த வீட்டில் போன் அடிக்க ஆரம்பிக்கும். அடுத்த மூன்று மாதம் அடித்துக்கொண்டே இருக்கும்.

இது ஏதோ இணையம் வந்து பிறந்த தொழில் என்று யாரும் நினைக்க வேண்டாம். ஒரு காலத்தில் மாலைப் பத்திரிகைகள் தேர்வு எண்களைப் பக்கம் பக்கமாக அச்சிட்டு விற்றதும் அரசாங்கத் தகவல்தான். தாலுகா ஆபீஸ் வாசலில் மரத்தடியில் மேஜை போட்டு உட்கார்ந்திருக்கும் மனு எழுதுகிறவருக்கும் இதே மூலப்பொருள். இலவசப் படிவம்தான், இருந்தாலும் எந்தக் கட்டத்தில் என்ன எழுத வேண்டும், எந்த மேஜைக்குப் போக வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். அதற்குத்தான் காசு. தப்பாக எழுதிக் கொடுத்தால் மறுநாள் நீங்கள் போய்ச் சண்டை போடலாம், மனிதர் அதே மரத்தடியில்தான் இருப்பார். அவரைப் பார்த்துத் தொழில் கற்றுக்கொள்ளுங்கள் என்று சொல்லத்தான் ஆசை. ஆனால் அவர் வழியில் போனால் மரத்தடியோடு நின்றுவிடுவீர்கள். இந்த வழிகாட்டி பங்களா கட்ட நினைப்பவர்களுக்கு.

இனித் தகவலைச் சுத்தம் செய்யும் வேலை. இந்தப் பகுதியை மனம் திடமானவர்கள் மட்டும் படிக்கவும். மாநில அரசு 2010-இல், கோவைச் செம்மொழி மாநாட்டுச் சமயத்தில், ஒருங்குறியையும் டேஸ்16-ஐயும் தமிழ் எழுத்துக் குறியீட்டுத் தரமாக அறிவித்தது. நீங்கள் இறக்கும் கோப்பு வானவில் ஔவையார் என்ற பழைய எழுத்துருவில் இருக்கும். திரையில் தமிழாகத் தெரிவது, நகலெடுத்து ஒட்டினால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கேள்விக்குறியுமாகக் கொட்டும். அதை மாற்றியானதும் ஊர்ப்பெயர்கள். ஒரே ஊரை வருவாய்த் துறை ஒரு மாதிரி, அஞ்சல் துறை ஒரு மாதிரி, ரயில்வே இன்னொரு மாதிரி ஆங்கிலத்தில் எழுதும். 2020-இல் 1,018 ஊர்களுக்கு ஆங்கில எழுத்துமுறையை மாற்றி ஓர் அரசாணை வந்தது. கேலி கிளம்பியதும் ஜூன் மாதத்திலேயே திரும்பப் பெற்றார்கள். அந்த இடைவெளியில் ஒரு சுறுசுறுப்பான பிள்ளை தன் பட்டியலில் 1,018-ஐயும் திருத்தி முடித்திருந்தால் அவன் கதி என்ன? மாவட்டக் கணக்கு இன்னும் மோசம். 2019 தொடங்கும்போது 32, 2020 முடியும்போது 38. தென்காசியின் பழைய விவரத்தைத் திருநெல்வேலியிலிருந்து பிரித்தெடுக்க வேண்டும், மயிலாடுதுறையை நாகப்பட்டினத்திலிருந்து. இந்தப் பகுதியை உண்மையாகச் செய்கிறவர்கள் சிலர் இருக்கிறார்கள். பெரும்பாலும் ராத்திரியில் செய்கிறார்கள், யாரும் காசு கொடுப்பதில்லை, அவர்கள் சுத்தம் செய்த கோப்பை எடுத்துத்தான் மற்ற எல்லோரும் கடை நடத்துகிறார்கள். நீங்கள் மற்ற எல்லோரில் ஒருவராக இருங்கள்.

சுத்தம் செய்ய வேறு குறுக்குவழியும் இருக்கிறது. 2011-க்குப் பிறகு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு முடியவில்லை. அடுத்ததற்குக் குறித்திருக்கும் நாள் 2027 மார்ச் 1. ஆனால் உங்கள் ஊரின் இந்த ஆண்டு மக்கள்தொகை, கடைசி ஒற்றை எண் வரை, எத்தனையோ தளங்களில் கிடைக்கிறது. எப்படி? 2011 எண்ணோடு ஏதோ ஒரு சதவீதத்தைக் கூட்டினால் முடிந்தது. எண்ணை முழுமைப்படுத்திவிடாதீர்கள். 1,50,000 என்று போட்டால் உத்தேசம் என்று தெரிந்துவிடும். 1,50,347 என்று போட்டால் யாரோ வீடு வீடாகப் போய் எண்ணியதாக நம்புவார்கள்.

சட்டம் பற்றிப் பயப்படுகிறவர்களுக்கு ஓர் ஆறுதல். 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, நீதிமன்றம் தடுத்தாலொழியத் தீர்ப்புகளை யாரும் வெளியிடலாம் என்கிறது. ஈஸ்டர்ன் புக் கம்பெனி என்ற சட்டப் பதிப்பகத்தின் வழக்கில் உச்ச நீதிமன்றம், தீர்ப்பின் மூல வாசகம் எல்லோருக்கும் பொது, அதில் பதிப்பாசிரியர் தன் அறிவைச் செலுத்திச் சேர்த்ததற்குத்தான் உரிமை என்று தெளிவாக்கியது. சுஷாந்த் சின்ஹா 2008-இல் தொடங்கிய இந்தியன் கானூன் என்ற தீர்ப்புத் தேடல் தளம் இந்தப் பொது நிலத்தில்தான் நிற்கிறது. தேடினால் தீர்ப்பு வருகிறது. ‘தீர்ப்பு என்றால் என்ன?’ என்ற பத்தி வருவதில்லை. கெட்ட முன்னுதாரணம், பின்பற்றாதீர்கள். அதற்கும் தலைவலி இல்லாமல் இல்லை. 2024 பிப்ரவரியில், விடுதலையான ஒருவர் கேட்டுக்கொண்டபடி, அவர் வழக்கின் தீர்ப்பைத் தளத்திலிருந்து எடுக்கும்படி சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. ஜூலையில் உச்ச நீதிமன்றம் அதை நிறுத்திவைத்தது. பொதுவில் இருக்கும் தாளும், கூகிளில் பெயரைத் தட்டியதும் முதலில் வந்து நிற்கும் தாளும் ஒன்றல்ல என்று அந்த மனிதருக்குத் தெரிந்திருக்கிறது. அமெரிக்காவில் இதையே தொழிலாக்கினார்கள். போலீஸ் எடுக்கும் கைதுப் புகைப்படங்கள் அங்கே பல இடங்களில் பொது ஆவணம். அவற்றைத் தளத்தில் ஏற்றி, எடுக்க வேண்டுமானால் இவ்வளவு கட்டணம் என்றார்கள். பல மாநிலங்கள் சட்டம் போட்டுத்தான் தடுக்க வேண்டியிருந்தது. நம் ஊரில் கம்பெனி டைரக்டர்களின் விவரத்தைப் பக்கம் பக்கமாக ஏற்றிவைக்கலாம். சட்டப்படி வெளியிடப்பட்ட தனிவிவரத்துக்கு 2023-ஆம் ஆண்டுத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் பொருந்தாது. ஜிஎஸ்டி எண்ணின் 15 இடங்களில் மாநில எண்ணுக்கு அடுத்த பத்தும் பான் எண்ணேதான். சந்தில் நுழைகிறவர்களுக்குச் சந்து திறந்தே இருக்கிறது. நான்முகச் சிங்கத்தை மட்டும் முகப்பில் வைத்துவிடாதீர்கள், அதற்கென்று 2005-இல் தனிச் சட்டமே இருக்கிறது. கோபுரப் படம் போட்டு, கீழே சின்ன எழுத்தில் ‘இது அரசுத் தளம் அல்ல’ என்று எழுதலாம். சாம்பல் நிறம் மிச்சமிருக்கும்.

உங்களுக்கு முன்னோடி அரசாங்கமேதான் என்பதையும் சொல்லியாக வேண்டும். வாகனப் பதிவு, ஓட்டுநர் உரிம விவரங்களை மொத்தமாக விற்க ஒன்றியப் போக்குவரத்து அமைச்சகம் 2019-இல் கொள்கையே வெளியிட்டது. நிறுவனங்களுக்கு ஆண்டுக்கு மூன்று கோடி ரூபாய். அந்தத் தகவல்களைப் பகிர்ந்ததில் 65 கோடி வந்ததாக அதே ஆண்டு நாடாளுமன்றத்தில் சொன்னார்கள். தனியுரிமைக்கு ஆபத்து என்று 2020-இல் அந்தக் கொள்கையைக் கைவிட்டார்கள். கொடுக்கும்போது நம்மிடம் யாரும் கேட்கவில்லை. வண்டி நம்முடையது, பெயரும் நம்முடையது, ரசீது மட்டும் வேறு யாருக்கோ.

கடைசியாக, நீங்கள் விரும்பும் தகவல் இணையத்திலேயே இல்லாவிட்டால்? தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. வெள்ளைத்தாளில் எழுதி, பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, பொதுத் தகவல் அலுவலருக்குத் தபாலில் அனுப்புங்கள். 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். ‘தாங்கள் கோரிய விவரங்கள் துறையின் இணையதளத்தில் உள்ளன’ என்று வரும், முகவரியோடு. தட்டிப் பார்த்தால் திறக்காது. மேல்முறையீடு, அது இது என்று அலைந்து பொழுதை வீணாக்காதீர்கள். அந்தத் துறையின் பெயரில் இன்னும் யாரும் டொமைன் வாங்கவில்லையா என்று மட்டும் பாருங்கள்.