புலிக்கு மாடிப்பாலம், மானுக்குக் கைப்பிடிச் சுவர்

? அமெரிக்காவில் ஒரு மிருகக்காட்சிசாலையில் புலி ஜனங்களின் தலைக்கு மேலே நடந்துபோகிறதாமே, நிஜமா?
– கல்லூரி மாணவி, பெரம்பலூர்

நிஜம்தான். அங்கே புலி வேடிக்கை பார்க்கிறது, ஜனங்கள் காட்சி ஆகிறார்கள்! ஃபிலடெல்ஃபியாவில் 2014-இல் திறந்த பாதை அது. மனிதர் நடக்கும் வழிக்கு மேலே, சுமார் 14 அடி உயரத்தில் கம்பிவலைப் பாலம். 2011-இல் குரங்குகளுக்கு மரக்கிளைகளை ஒட்டி வலைக்குழாய் அமைத்ததில் தொடங்கியது. அடுத்து உராங்குட்டானுக்கு, பிறகு புலிக்கு, கொரில்லாவுக்கு என்று வழிகள் நீண்டன. ஊருக்கு நடுவே 42 ஏக்கர்தான் இடம். பக்கவாட்டில் நகர வழியில்லை, மேலே போனார்கள். வாஷிங்டனில் 1995-லேயே உராங்குட்டான்கள் உயரக் கோபுரங்களுக்கு இடையே கட்டிய கம்பியைப் பிடித்துத் தொங்கியபடி ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குப் போக ஆரம்பித்துவிட்டன.

? அந்தப் பாலத்தில் சிங்கமும் புலியும் எதிரெதிரே வந்துவிட்டால்?
– விவசாயி, குன்னம்

வராது. நீங்கள் முறைவைத்து வாய்க்கால் தண்ணீர் பாய்ச்சுகிறீர்களே, அதே ஏற்பாடு. பராமரிப்பவர்கள் கதவைத் திறந்து, ஒன்று திரும்பிய பிறகே அடுத்ததை விடுகிறார்கள். முன்னே போனதன் வாசனை பாதையில் இருக்கும். பின்னே வருவது நின்று நின்று மோந்து பார்த்துப் போகும். கூண்டின் ஒரு மூலைக்கும் மறுமூலைக்கும் ஓயாமல் நடக்கும் புலியை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அது உலாவல் இல்லை, தவிப்பு. எனக்கு அந்த நடையைப் பார்க்கும்போதெல்லாம் தொண்டை அடைக்கும். இன்றைக்கு இந்தப் பக்கம் போகலாமா வேண்டாமா என்று முடிவெடுக்கும் உரிமையை ஒரு விலங்குக்குத் திருப்பிக் கொடுப்பது பெரிய காரியம்.

? நம் வண்டலூர் எப்படி?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், செந்துறை

1855-இல் சென்னைப் பட்டணத்துக்குள் தொடங்கிய காட்சிசாலை, 1985-இல் வண்டலூர் போனது. 602 ஹெக்டேர், ஃபிலடெல்ஃபியாவைப் போல 35 மடங்கு. இவ்வளவு மண் இருக்கும்போது அந்தரத்தில் பாலம் எதற்கு?

? அரியலூர் மாவட்டத்துக்கு ஒரு மிருகக்காட்சிசாலை வருமா?
– பள்ளி மாணவன், திருமானூர்

தம்பி, கூண்டில்லாத ஒன்று உன் ஊர்ப் பக்கமே இருக்கிறது. கரைவெட்டி ஏரி! 1999-இல் சரணாலயமானது, 2024-இல் உலக முக்கியத்துவம் பெற்ற ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. இமயமலையைத் தாண்டிப் பறக்கும் பட்டைத்தலை வாத்துகள் அங்கே வந்து இறங்குகின்றன. அவற்றின் வழியை யாரும் கட்டிக் கொடுக்கவில்லை. புள்ளம்பாடி வாய்க்காலில் தண்ணீர் வந்து ஏரி நிறைந்தால் போதும், விருந்தாளிகள் வருவார்கள். மார்கழியில் அப்பாவைக் கூட்டிக்கொண்டு விடியற்காலையில் போ.

? புலிக்குப் பாலம் கட்டுவது இருக்கட்டும். எங்கள் பக்கத்து மானுக்கு என்ன வழி?
– வாசகி, வேப்பந்தட்டை

இதைத்தான் யாராவது கேட்கமாட்டார்களா என்று காத்திருந்தேன். காட்டில் இருப்பவற்றுக்கும் வழி கட்டியிருக்கிறார்கள். வால்பாறையில் சாலை கடக்கும் சிங்கவால் குரங்குகள் வண்டியில் அடிபடாமலிருக்க, மரத்துக்கு மரம் தொங்குபாலம் கட்டினார்கள். அவை ஏறிப் போகின்றன. மத்திய இந்தியாவில் பெஞ்ச் புலிகள் காப்பகத்தை ஒட்டிய நெடுஞ்சாலையையே தூக்கி நிறுத்தி, அடியில் விலங்குகளுக்கு ஒன்பது வழிகள் விட்டார்கள். புலி போவது கேமராவில் பதிவாகியிருக்கிறது.

நம் புள்ளிமானுக்கு அவ்வளவு செலவு வேண்டாம். கோடையில் காப்புக்காட்டுக்குள் தண்ணீர் வற்றுகிறது. தாகத்தோடு மான் வெளியே வருகிறது. நாய் துரத்துகிறது. ஓடுகிற ஓட்டத்தில் தரையோடு தரையாகக் கிடக்கும் கிணறு அதன் கண்ணுக்குத் தெரிவதில்லை. தீயணைப்பு வீரர்கள் கயிறு கட்டி இறங்கி மீட்ட செய்தியை ஒவ்வொரு கோடையிலும் படிக்கிறோம். செத்து மிதந்த செய்தியையும் படிக்கிறோம். காட்டோரக் கிணறுகளுக்கு இடுப்பளவு கைப்பிடிச் சுவர், காட்டுக்குள் வற்றாமல் நிரப்பும் தண்ணீர்த் தொட்டி. இந்த இரண்டையும் உங்கள் அடுத்த கிராமசபையில் கேளுங்கள். தீர்மானமாக எழுதி வாங்குங்கள்.

? 'மான்கள் கடக்கும் பகுதி' என்று சாலையில் பலகை வைக்கிறார்களே, மானுக்குப் படிக்கத் தெரியுமா?
– லாரி ஓட்டுநர், சிறுவாச்சூர்

உங்களுக்குத் தெரியுமே அண்ணே, அந்த நம்பிக்கையில்தான் வைத்திருக்கிறார்கள்! ஒன்று மட்டும் நினைவில் வையுங்கள்: புள்ளிமான் பெரும்பாலும் தனியாக வராது. ஒன்று தாண்டிவிட்டது என்று உடனே கியர் மாற்றாதீர்கள். குட்டி பின்னால் வரும்.