ரூஃப் போட்டால்தான் ரூஃபுக்குப் பணம்

பெறுநர்:
மேலாளர் அவர்கள்,
வீட்டுக்கடன் பிரிவு.
(வங்கியின் பெயரை எழுதவில்லை. எந்த வங்கி பிரித்துப் படித்தாலும் தனக்கு வந்த கடிதமாகவே வைத்துக்கொள்ளலாம்.)

பொருள்: தாங்கள் கொடுத்துக்கொண்டே இருக்கும் கடனில் நான் கட்டிக்கொண்டே இருக்கும் வீடு – முன்னேற்ற அறிக்கை சமர்ப்பித்தல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

இங்கு அனைவரும் நலம். தங்கள் நலத்தை மாதாமாதம் என் கணக்கிலிருந்து வட்டி போகும்போது குறுஞ்செய்தி வழியாக அறிந்துகொள்கிறேன்.

விருதுநகருக்குத் தெற்கே, கரிசல் காட்டை மனையாகப் பிரித்துக் கல் ஊன்றிய இடத்தில், ஆயிரம் சதுர அடிக்கு ஒரு வீடு கட்டத் தங்களிடம் 20 லட்சம் கேட்டேன். 30 லட்சம் வரையிலான வீட்டுக்கடனில் மதிப்பில் 90 சதவீதம் வரை கொடுக்கலாம் என்று ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது. ரிசர்வ் வங்கிக்கு என் முகத்தைத் தெரியாது, தாங்கள் பார்த்திருக்கிறீர்கள். 80 சதவீதத்தோடு நிறுத்திக்கொண்டீர்கள். மீதியை நான் போட வேண்டும், அதையும் முதலில் போட வேண்டும் என்றீர்கள். போட்டேன். அது மண்ணுக்குள் போன கதையைப் பிறகு சொல்கிறேன்.

எஸ்டிமேட்டை முதலில் பேசி முடித்துவிடலாம். அது இன்ஜினியர், தங்கள் பேனல் இன்ஜினியர், நான் மூவரும் சேர்ந்து எழுதிய நாவல். எத்தனை அறை, எந்தப் பக்கம் வாசல் என்று கேட்பதற்கு முன்னால் இன்ஜினியர் கேட்டது, "சார், லோன் எவ்வளவு வேணும்?" 20 என்றேன். "அப்ப 25-க்குப் போட்டுருவோம்" என்று கால்குலேட்டரைப் பின்னாலிருந்து முன்னால் தட்டினார். சதுர அடி 2,500 ரூபாய் என்று வந்தது. தங்கள் பேனல் இன்ஜினியர் அதை ஒரு வரி விடாமல் படித்து முத்திரை வைத்தார். அந்தக் காகிதத்தில் சம்ப் இல்லை, செப்டிக் டேங்க் இல்லை, போர் இல்லை, காம்பவுண்ட் இல்லை, கேட் இல்லை, வேலைக்கு எடுக்கும் தற்காலிக மின் இணைப்பு இல்லை. கேட்டால், "அதெல்லாம் தனி சார்." வாசலுக்கு ஏற நாலு படி வேண்டுமே என்றேன். படியும் தனி. தனியாய் இருப்பவற்றையெல்லாம் ஒன்றாகச் சேர்த்தால் இன்னொரு எஸ்டிமேட் ஆகும், அதற்குத் தங்களிடம் படிவம் இல்லை.

அடுத்து மண். எஸ்டிமேட்டில் 'கடைக்கால்: ஐந்து அடி' என்று இருந்தது. கரிசலுக்கு அந்தக் காகிதத்தைப் படிக்கத் தெரியாது. நனைந்தால் உப்பும், காய்ந்தால் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும். அதன் மேல் நிற்கும் சுவர் வருடா வருடம் அதோடு சேர்ந்து ஏறி இறங்கிக் கீறல் விடும். கெட்டித் தரை கிடைக்கும்வரை தோண்டியே ஆக வேண்டும். எங்களுக்கு எட்டரை அடியில் கிடைத்தது. தோண்டிய கரிசலை பேஸ்மட்டத்துக்குள் திருப்பிப் போடவும் கூடாது, அது உள்ளேயிருந்து தரையைத் தூக்கிவிடும். எனவே, எடுத்த மண்ணை அள்ளிக்கொண்டு போக ஒரு காசு, கிராவல் கொண்டுவந்து நிரப்ப ஒரு காசு. தெருவில் ரோடு போடும்போதெல்லாம் மட்டம் ஏறுகிறதே என்று பேஸ்மட்டத்தையும் ஓர் அடி உயர்த்தினோம். நான் முதலில் போட வேண்டிய என் பங்கு முழுவதும் தரைக்குக் கீழே போய்ச் சேர்ந்தது. தங்கள் பேனல் இன்ஜினியர் வந்து பார்த்துவிட்டு, "இன்னும் ஒண்ணும் தெரியலையே சார்" என்றார். தெரியாதுதான். தெரிகிற மாதிரி கடைக்கால் போட்டால் வீடு நிற்காது.

ஆவணங்கள் விஷயத்தில் தங்கள் மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. தாய்ப்பத்திரம் கேட்டீர்கள், 30 வருட வில்லங்கச் சான்று கேட்டீர்கள். 1998-இல் இந்த நிலத்தை விற்றவரின் தங்கை ஏன் கையெழுத்துப் போடவில்லை என்று தங்கள் வக்கீல் கேட்டார். அந்தத் தங்கையைத் தேடிப் போனதில் எங்கள் குடும்பத்துக்கு ஒரு நல்ல சம்பந்தமே அமைந்திருக்கும், பையனுக்கு வயது போதவில்லை. ஒன்றே ஒன்றுதான் எனக்கு விளங்கவில்லை. 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடிக்குள் வீடு கட்டுபவர், சுயசான்று கொடுத்து இணையத்திலேயே உடனடி அனுமதி வாங்கிக்கொள்ளலாம் என்று தமிழக அரசு 2024 ஜூலையில் கொண்டுவந்தது. ஓர் அரசாங்கமே என் சொல்லை நம்பிவிட்டது. அந்த அனுமதியைத் தங்களிடம் கொண்டுவந்தால், கியூஆர் கோடை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "சீல் எங்கே?" என்றார் தங்கள் உதவியாளர்.

இனி கூரைக்கு வருவோம். தங்கள் அனுமதிக் கடிதத்தில் மூன்றாவது வரி: 'ரூஃப் தளம் முடிந்தபின் 25 சதவீதம்.' ரூஃப் போட்டுக் காட்டினால்தான் ரூஃபுக்குப் பணம். கடிதத்தில் படிக்க ஒழுங்காகத்தான் இருக்கிறது. சைட்டில் நடப்பது வேறு. சென்ட்ரிங் தகடும் முட்டும் நாள் வாடகை. கம்பி கட்டி, எலக்ட்ரீசியன் பைப் பதித்து முடித்ததும் மிக்சர் வரும். காலையில் ஓட ஆரம்பித்தால் சாயங்காலத்துக்குள் முழுத் தளத்தையும் முடித்தாக வேண்டும். நடுவில் விட்டால் விட்ட இடத்தில் ஒட்டு விழுந்து, பின்னால் மழை அந்த வழியாக இறங்கும். அன்றைய கூலி அன்றே, மத்தியானம் பிரியாணியும் உண்டு. இவ்வளவுக்கும் பணம் முந்தின நாளே கையில் இருக்க வேண்டும். தங்கள் பணமோ தளம் காய்ந்து, பேனல் இன்ஜினியர் வந்து, என்னைக் கட்டடத்துக்கு முன்னால் நிறுத்திப் போட்டோ எடுத்து, அது மண்டல அலுவலகம் போய்த் திரும்பிய பிறகுதான் வரும்.

அப்போது கைகொடுத்ததும் தங்கள் வங்கிதான், அதற்கு என் நன்றி. தங்கள் மேசையிலிருந்து இரண்டு மேசை தள்ளி நகைக்கடன். என் மனைவியின் வளையல்களை உரசி, நிறுத்து, பணத்தைக் கணக்கில் ஏற்றுவதற்குள் நான் வாங்கிப்போன டீ ஆறவில்லை. அந்த வளையல் அவளுக்கு யார் வழியாக வந்தது, 30 வருடத்துக்கு அதில் வில்லங்கம் ஏதும் உண்டா என்று ஒருவரும் கேட்கவில்லை. ஆக, வீட்டுக்கடனில் அதுவரை வாங்கியதற்கு ஒரு வட்டி, வீட்டுக்கடன் வராததால் வாங்கிய நகைக்கடனுக்கு ஒரு வட்டி. ஒரே கூரை, ஒரே வங்கி, இரண்டு வட்டி. வீடு முடிவதற்கு முன் கட்டும் வட்டிக்கு வருமான வரிச் சலுகை உண்டே என்றீர்கள். உண்டு. வீடு முடிந்த பிறகு, ஐந்து வருடத்தில் ஐந்து பங்காக. அதுவும் பழைய வரி முறையில் இருப்பவருக்கு.

நகையும் போதாமல் போனபோது சிமெண்ட் கடை அண்ணாச்சி வந்தார். அவர் என் சம்பளச் சீட்டைக் கேட்கவில்லை, சிபில் எண்ணைக் கேட்கவில்லை. "உங்க அய்யா பேரென்ன?" என்று மட்டும் கேட்டுவிட்டு, ஒரு நீள நோட்டில் பக்கம் திறந்தார். தர்மத்துக்குச் செய்தார் என்று சொல்ல மாட்டேன். கடனுக்கு மூட்டைக்குப் பத்து ரூபாய் கூட வைத்தார். வைத்ததை முகத்துக்கு நேரே சொன்னார், அதற்கு பிராசசிங் ஃபீஸ் என்று பெயர் வைக்கவில்லை.

தங்கள் தாமதத்தால் ஒரு லாபமும் வந்தது, அதை மறைப்பது பாவம். 2025 செப்டம்பர் 22 முதல் சிமெண்ட்டுக்கு ஜி.எஸ்.டி. 28-இலிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. ஆடி கழிந்ததுமே போட்டிருக்க வேண்டிய ரூஃப், தங்கள் தயவால் ஐப்பசிக்குத் தள்ளிப்போனதால் குறைந்த வரியில் மூட்டை வாங்கினோம். (எம்-சாண்டும் ஜல்லியும் அந்த ஏப்ரலிலேயே கனிம நில வரியைக் காட்டி விலை ஏறியிருந்தன. மேலே பிடித்ததைக் கீழே விட்டோம்.) ஆனால் ஐப்பசியில் கரிசல் காட்டுக்குள் லாரி இறங்காது. இறங்கினால் ஏறாது. ஜல்லியையும் மணலையும் தார் ரோட்டிலேயே தட்டி, டிராக்டரில் நடை நடையாக உள்ளே கொண்டுவந்தோம். தளம் போட்ட மறுநாளிலிருந்து அடைமழை. தண்ணீர் கட்டும் வேலையை வருண பகவானே பார்த்துக்கொண்டார், கூலி கேட்கவில்லை. அந்த ஒரு செலவு மிச்சம்.

தங்களைப் போலவே நாங்களும் இங்கே எதையும் நம்புவதில்லை என்பதையும் தெரிவித்துக்கொள்கிறேன். ஒரு யூனிட் மணல் என்றால் 100 கன அடி. லாரி வந்ததும் கொட்டவிடாமல் நிறுத்தி, மேலே ஏறி, உள் நீளம், அகலம், மணலின் உயரம் மூன்றையும் அளந்து, பெருக்கி, நூறால் வகுக்க வேண்டும். ஓரத்தில் குவித்து நடுவில் பள்ளம் விட்டிருப்பார்கள், ஆகவே உயரத்தை நாலைந்து இடத்தில் பார்க்க வேண்டும். ஈர மணல் உப்பி நின்று அதிகமாகக் காட்டும், அதற்கும் கழிக்க வேண்டும். டேப்பின் ஒரு முனையை நான் பிடிக்க, மறுமுனையை என் மாமியார் பிடிப்பார். கம்பிக்கு அவரே தராசு. 12 மி.மீ. கம்பி 12 மீட்டர் நீளத்துக்கு 10.6 கிலோ இருக்க வேண்டும் என்று மனப்பாடமாகச் சொல்கிறார். "ஏட்டி, இதைத் தூக்கிப் பாரு, குறையுது" என்று ஒருமுறை ஒரு கட்டையே திருப்பி அனுப்பினார். பேனல் இன்ஜினியர் பதவி ஏதும் காலியானால் தெரிவிக்கவும்.

கோரிக்கை ஒன்றே ஒன்றுதான். ஒவ்வொரு கட்டத்துக்கும் உரிய பணத்தில் பாதியை வேலை தொடங்கும்போதும், மீதியை முடித்துக் காட்டியதும் கொடுங்கள். பாதிப் பணத்தை வாங்கிக்கொண்டு ஓடிவிடுவேன் என்று பயப்பட வேண்டாம். பத்திரம் தங்களிடம் இருக்கிறது, வளையல் தங்களிடம் இருக்கிறது, எட்டரை அடி ஆழத்தில் என் சேமிப்பும் இருக்கிறது.

இப்போது டைல்ஸ் ஒட்டுகிறார்கள். பாக்கியிருப்பது கடைசி 10 சதவீதம். அதற்கு வீட்டுவரி ரசீது கொண்டுவரச் சொல்லியிருக்கிறீர்கள். வீட்டுவரி போட வீடு முடிய வேண்டும். வீடு முடிய அந்த 10 சதவீதம் வேண்டும். இதை மண்டல அலுவலகத்துக்கு அனுப்பித் தெளிவுரை பெறுவதாகச் சொன்னீர்கள். காத்திருக்கிறேன்.

வருகிற தை மாதம் பால் காய்ச்சுகிறோம், ஜன்னலுக்குக் கண்ணாடி இருந்தாலும் இல்லாவிட்டாலும். தாங்கள் குடும்பத்தோடு வர வேண்டும். அந்தக் கடைசித் தவணையைக் கையோடு கொண்டுவந்தால் மொய் நோட்டில் முதல் பெயராகத் தங்கள் வங்கியின் பெயரையே எழுதச் சொல்லியிருக்கிறேன். மொய்க்கு எங்கள் ஊரில் வட்டி கிடையாது என்பதை மட்டும் தங்கள் வக்கீலிடம் முன்கூட்டியே சொல்லி வைக்கவும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள கடன்தாரர்
(வீட்டுக்கடன் கணக்கு எண் தங்களிடம் உள்ளது. நகைக்கடன் எண், இரண்டு மேசை தள்ளி.)