இருபது நிமிடக் கிருஷ்ணர்

ஆடி பிறந்தால் முகூர்த்தம் கிடையாது. மண்டபம் பூட்டிக் கிடக்கும், மேளக்காரர் வீட்டில் இருப்பார், சமையல்காரர் வரவேண்டிய பாக்கியை நினைத்துப் பெருமூச்சு விடுவார். கல்யாணத்தை நம்பிப் பிழைப்பவர்களில் மதுரையில் அந்த மாதம் முழுக்க மூச்சுவிட நேரமில்லாமல் திரிகிற ஆள் ஒருவர்தான்: மாடியில் ஸ்டுடியோ வைத்திருக்கும் போட்டோகிராபர் அண்ணன். ஆடிக் கடைசியிலோ ஆவணியிலோ கிருஷ்ண ஜெயந்தி வந்துவிடும். அன்று காலை ஆறு மணிக்கு ஊரிலுள்ள அம்மாக்களெல்லாம் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் வைத்தாக வேண்டும். ஆகவே பகவான் பிறப்பதற்குப் பல வாரம் முன்பே அவர் பிறந்த படங்களை எடுத்து முடித்தாக வேண்டும்.

தொழில் வட்டாரத்தில் இதற்குப் பெயர் மினி செஷன். வாடிக்கையாளர்களுக்கு 'கிருஷ்ணா ஷூட்'.

கல்யாணம் என்பது அண்ணனுக்குப் பெரிய தொகை, அதைவிடப் பெரிய தலைவலி. கேண்டிட் எடுக்க ஒரு ஆள், வீடியோவுக்கு ஒரு ஆள், ட்ரோனுக்கு ஒரு ஆள். எல்லாருக்கும் அன்று இரவே சம்பளம். கல்யாண வீட்டார் மட்டும் ஆல்பத்துக்குப் படம் தேர்ந்தெடுக்க ஒரு வருடம் எடுத்துக்கொள்வார்கள். படம் தேர்ந்தெடுத்தால்தானே ஆல்பம், ஆல்பம் கைக்கு வந்தால்தானே பாக்கி? சில தம்பதிகள் அதற்குள் குழந்தையே பெற்றுவிடுவார்கள். அந்தக் குழந்தைக்குக் கிருஷ்ணர் வேடம் போட வரும்போதுதான், "அக்கா, அப்படியே அந்த ஆல்பத்தையும் முடிச்சிருவமா?" என்று அண்ணன் மெல்ல ஆரம்பிப்பார்.

மினி செஷனில் இந்த இழுவை கிடையாது. அது ஷேர் ஆட்டோ: வண்டி ஒன்று, பாதை ஒன்று, ஏறுகிற தலைக்குக் காசு. செட்டை ஒரு தடவை போட்டு, லைட்டை ஒரு தடவை வைத்துவிட்டால் குழந்தை மட்டும்தான் மாறும். ஒரு ஸ்லாட் 20 நிமிடம். வேடம் மாற்றவும் கண்ணீர் துடைக்கவும் 10 நிமிடம். காலை 9 முதல் 1 வரை, மாலை 4 முதல் 8 வரை. ஆக நாளைக்கு 16 கிருஷ்ணர்கள். தலைக்கு 1,499 ரூபாய், அதுவும் முழுத்தொகை முன்கூட்டியே ஜிபேயில். பெருக்கிப் பார்த்தால் 23,984. மதியம் மூன்று மணிநேரம் கடையை ஏன் சாத்துகிறார் என்று கேட்டால், சாப்பாட்டுக்கு என்று நினைப்பீர்கள். அது குழந்தைகள் தூங்குகிற நேரம். தூக்கம் கெட்ட கிருஷ்ணரை எந்த லென்ஸாலும் சிரிக்க வைக்க முடியாது என்பது அண்ணன் அடிபட்டுக் கற்ற பாடம்.

முதலீடும் பெரிதில்லை. சாமி அலங்காரத்துணி தைக்கிறவர்கள் புது மண்டபத்தில் இருந்த காலத்திலிருந்தே அவருக்குப் பழக்கம். கடைகள் குன்னத்தூர் சத்திரத்துக்குப் போன பிறகும் அங்கேயே போய் மூன்று அளவில் பட்டுக் கச்சம் வாங்கிவிடுவார். கிரீடம் மட்டும் ஒரே அளவு. மூன்று மாதக் குழந்தைக்குக் கழுத்தில் நிற்கும், நான்கு வயதுப் பையனுக்கு உச்சியில் ஆடும். பானையில் இருப்பது பஞ்சு. நிஜ வெண்ணெய் வைத்த முதல் வருடம் பகவான் அதை முழுக்கத் தின்றுவிட்டு பேக்டிராப்பின் மேலேயே திருப்பித் தந்தாராம்.

சுவரில் நிபந்தனைப் பலகை தொங்கும். எடிட் செய்த படம் ஐந்து. தாமதமாக வந்தால் நேரம் குறையும். அட்வான்ஸ் திரும்பத் தரப்பட மாட்டாது. குழந்தை அழுதால் நிர்வாகம் பொறுப்பல்ல. இதையெல்லாம் படித்துவிட்டும், "எல்லா ரா ஃபைலையும் குடுத்துருங்கண்ணே" என்று கேட்கிற அப்பா ஒருவர் தினமும் வருவார். "அது உங்க போன்ல தெறக்காது சார்" என்பதோடு பேச்சு முடிந்துவிடும்.

அந்த அப்பாவை அண்ணன் கையாளும் விதம் தனிக் கலை. குழந்தையோடு அம்மா, அப்பா, அப்பத்தா, தாத்தா, சித்தி என்று ஐந்து பேர் வருவார்கள். ஐந்து பேரும் ஐந்து மூலையில் நின்று "இங்க பாரு, இங்க பாரு" என்பார்கள். குழந்தை ஐந்து பக்கமும் பார்த்துவிட்டு ஆறாவதாக அழும். அண்ணன் அலட்டிக்கொள்ள மாட்டார். "சார், கீழ ஃப்ரேம் மாடல் இருக்கு, ஒரு எட்டு பாத்துட்டு வந்துருங்களேன்." அப்பா இறங்கிப் போவார். மேலே சத்தம் குறையும். கீழே பன்னிரண்டுக்குப் பதினெட்டு ஃப்ரேம் ஒன்று விற்கும்.

ஷட்டரை அழுத்துவதுதான் அண்ணன் வேலை. சிரிக்க வைப்பது உதவிக்கு இருக்கும் பையன். லைட் ஸ்டாண்டுக்குப் பின்னால் குந்தியபடி கிலுகிலுப்பை ஆட்டுவான், நாயாகக் குரைப்பான், தும்முவதுபோல் நடித்துக் குப்புற விழுவான். என்னைக் கேட்டால், அந்தக் கடையில் கலைஞன் என்று ஒருவன் உண்டென்றால் அவன்தான்.

ஆனால் லாபம் இந்த இருபது நிமிடத்தில் இல்லை. அது அடுத்த அறையில் இருக்கிறது. அங்கே பெரிய டிவியில் நாற்பது படம் ஓடும். ஐந்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அம்மா பன்னிரண்டு எடுத்து வைத்துக்கொண்டு கழிக்க முடியாமல் தவிப்பார். அண்ணன் ஒரு வார்த்தை வற்புறுத்த மாட்டார். "வேணாம்னா பரவால்லக்கா, மத்தத டெலிட் பண்ணிருவோம்" என்று விரலை மெதுவாக அந்தப் பொத்தானுக்குக் கொண்டுபோவார். "ஏய்யா, சாமி படத்தப் போயி யாராச்சும் அழிப்பாகளா?" என்று அப்பத்தா பதறுவார். கூடுதல் படம் ஒன்றுக்கு 150 ரூபாய். ஏழு படம். ரசீது.

ஃபிலிம் காலத்து ஸ்டுடியோவில் இந்தத் தவிப்பு இல்லை. 120 ரோலில் சதுரப் படம் பன்னிரண்டுதான் வரும். குப்புறப்படுத்த குழந்தைக்கு ஒரு கிளிக். பூ ஜடை வைத்த பெண்ணுக்கு, பின்னால் கண்ணாடி வைத்து ஒரு கிளிக். அழுதால் அழுத முகம்தான் ஐம்பது வருடம் கூடத்தில் தொங்கும்.

மலிவாக, வரிசையாக, நிறைய என்ற இந்த யோசனையும் அண்ணனுடையது இல்லை. 1854-ல் டிஸ்டெரி என்ற பிரெஞ்சுக்காரர் ஒரே தகட்டில் பல படம் பதிக்கும் முறைக்குக் காப்புரிமை வாங்கினார். அதைத் தாளில் அச்சிட்டு, வெட்டி அட்டையில் ஒட்டினால் விசிட்டிங் கார்டு அளவில் உருவப்படம். ஐரோப்பாவே அதற்கு அலைந்தது, அவரும் கொழித்தார். செய்வது சுலபம் என்பதால் தெருவுக்குத் தெரு அதையே செய்தார்கள். 1889-ல் அவர் வறுமையில்தான் இறந்தார். அண்ணனுக்கு டிஸ்டெரியைத் தெரியாது. எதிர்த்தெருவில் புதிதாக முளைத்த ஸ்டுடியோவைத் தெரியும். அங்கே 999 ரூபாய், போதாததற்கு நிஜக் கன்றுக்குட்டி! அந்தக் கன்றுக்குட்டி செட்டில் என்னென்ன செய்தது என்பதை அண்ணன் வருகிறவர்களிடமெல்லாம் விவரமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

பெண் குழந்தை என்றால் ராதை. அம்மாவுக்கு மனசு ஆறாது, கிருஷ்ணரும் வேண்டும். ஆக இரண்டு ஸ்லாட். சித்திரையில் கள்ளழகர், புரட்டாசியில் கொலு பொம்மை, தையில் கரும்போடு குட்டி விவசாயி. மார்கழியிலும் முகூர்த்தம் இல்லைதான். அதற்கு இருக்கவே இருக்கிறார் கிறிஸ்துமஸ் தாத்தா. பானையில் வெண்ணெயாக இருந்த பஞ்சு அவருக்குத் தாடியாகிவிடும்.

அண்ணனை வியாபாரி என்று சிலர் குறை சொல்கிறார்கள். கண்ணீரும் சளியும் வழிகிற பதினாறு பேரை நாளெல்லாம் தெய்வமாக்கிக் காட்டுகிறவர் காசு வாங்கினால் என்ன தப்பு என்பது என் கட்சி.

இந்த வருடம் போகிறவர்கள் குழந்தையைத் தூங்க வைத்து, வயிறு நிறைத்துக் கூட்டிப்போங்கள். தாத்தாவை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். அப்பத்தாவையும் டிவி அறைக்குள் விடாதீர்கள்.