நாற்று வள்ளல்

நாற்று வள்ளல் தம் கன்றுகளுக்குக் காசு வாங்குவதில்லை. வாங்கியிருந்தால் கணக்கு அன்றைக்கே தீர்ந்திருக்கும்.

மாசி பிறந்து, பனி விலகி, வெயில் இன்னும் தன் முழு ஸ்வரூபத்தைக் காட்டாதிருக்கும் அந்தச் சில வாரங்களில், எங்கள் மாடித் தோட்டச் சங்கத்தின் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு, இரு கைகளிலும் குழித்தட்டுகளை ஏந்தி, தோளில் தொங்கும் ஜோல்னாப் பையில் விதைப் பொட்டலங்கள் பிதுங்க அவர் படியேறி வரும் காட்சியைக் கண்டு புளகாங்கிதம் அடைகிறவர் புது உறுப்பினர். மெல்ல எழுந்து தண்ணீர்த் தொட்டியின் மறைவுக்குப் போகிறவர் பழைய உறுப்பினர். சென்னையில் வேளாண் தோட்டக்கலைச் சங்கம் 1835-இல் தோன்றியதாகச் சரித்திரம் சொல்கிறது. அதன் முதல் கூட்டத்திலேயே இப்படி ஒருவர் கூடையோடு வந்திருப்பார், கனவான்கள் சிலர் தூணுக்குப் பின்னால் ஒதுங்கியிருப்பார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

தானம் கொடுத்த பொருளின் மேல் கொடுத்தவனுக்குப் பாத்தியதை இல்லை என்பது தர்ம சாஸ்திரம். வள்ளல் அந்தப் பக்கத்தைப் படிக்கவில்லை. பெண்ணைக் கட்டிக் கொடுத்த தகப்பனார், வாரத்துக்கொரு முறை சம்பந்தி வீட்டுத் திண்ணையில் வந்து அமர்ந்து, "குழந்தை இளைச்சாப்பல இருக்கே" என்று பொதுவாகக் காற்றைப் பார்த்துச் சொல்வாரே, அந்த உரிமையோடுதான் இவரும் தக்காளியை விசாரிக்கிறார். காலையில் பல் துலக்குமுன் தொலைபேசி மணி அடிக்கும். "நம்ம ஆள் எப்படி சார் இருக்கான்?" என்பார். நம்ம ஆள் என்பது நேற்று வாங்கி வந்த நான்கு இலைக் கத்தரிக் கன்று.

கன்றாவது பரவாயில்லை, கொடி வகைகள் பூக்கத் தொடங்கிவிட்டால் குடும்ப மானத்துக்கே ஆபத்து. பூசணி விடியலில் மலரும். பீர்க்கும் சுரையும் பொழுது சாயும் வேளையில் மலரும். நான்காம் மாடிக்குத் தேனீ வருவது நிச்சயமில்லையாதலால், ஆண் பூவைப் பறித்து, இதழ்களைக் களைந்து, அதன் மகரந்தத்தை, அடியில் பிஞ்சோடு நிற்கும் பெண் பூவின் நடுவே நாமே ஒற்றிவிட வேண்டும். இயற்கையின் இந்த ஏற்பாடு தாவர சாஸ்திரத்துக்கு உகந்ததாயிருக்கலாம். ஆனால் என் நண்பர் ஒருவர் வீட்டில் பெண் பார்க்க வந்தவர்கள் கூடத்தில் அமர்ந்து, பஜ்ஜியும் கேசரியும் பரிமாறப்பட்டு, இரு தரப்பாரும் பேச்சை எங்கே ஆரம்பிப்பதென்று தெரியாமல் மௌனமாயிருந்த சுபவேளையில், மேஜை மேலிருந்த கைப்பேசி ஒலித்து, அதை அணைக்கப் போய்ப் பதற்றத்தில் ஸ்பீக்கரை அழுத்திவிட்டபடியால், "என்ன சார், இன்னிக்காவது சேர்க்கை நடந்துதா இல்லையா? பொழுது தாண்டினா பிரயோஜனம் இல்லை!" என்று வள்ளலின் குரல் கூடமெங்கும் முழங்கிற்று. சம்பந்தம் கூடிவராததற்கு ஜாதகந்தான் காரணம் என்று தரகர் இன்றும் சொல்கிறார்.

நேரில் வந்தாலோ, அவர் நம்மிடம் பேசுவதில்லை, செடியோடு பேசுகிறார். ஆள்காட்டி விரலை இரண்டாம் கணு வரை மண்ணில் செலுத்தி எடுத்து, முகர்ந்து, "குடிக்கக் குடுக்கறாங்களா இல்லையா?" என்று மிளகாயைக் கேட்பார். இலை மேற்புறமாகச் சுருண்டிருந்தால் இலைப்பேன், கீழ்ப்புறமாக மடிந்திருந்தால் சிலந்தி என்று தீர்ப்பு வழங்குவார். தீர்ப்பு எப்போதும் சரியாயிருப்பதுதான் சகிக்க முடியாதது. தவறாகச் சொல்லியிருந்தால் அவரைக் கேலி செய்து ஆறுதல் அடைந்திருக்கலாம். மீன் கழிவையும் வெல்லத்தையும் சம எடையில் ஊறவைத்த மீன் அமிலத்தை அவர் லிஃப்டில் கொட்டிய கதையை இங்கே விவரிக்கப் போவதில்லை. சைவர்கள் மிகுந்த குடியிருப்பு அது.

இவருடைய விஜயங்களை உத்தேசித்தே எங்கள் சங்கம் ஒற்றுமையாக வாழ்கிறது என்றால் மிகையாகாது. பராமரிப்புக் கட்டண விவகாரத்தில் முகம் பார்த்துப் பேசாத இருவர்கூட, "கிளம்பிவிட்டார், உங்கள் தெருவில் திரும்புகிறார்" என்று ஒருவருக்கொருவர் தகவல் அனுப்பத் தவறுவதில்லை. அவர் கொடுத்த கன்று காய்ந்துபோன வீட்டுக்குச் செழிப்பான கன்றைப் பையோடு இரவல் கொடுக்கும் வழக்கமும் உண்டாயிற்று. ஒரே கத்தரிச் செடி மூன்று மாடிகளில் அவரை எதிர்கொண்டு உபசரித்திருக்கிறது. மூன்றாம் முறை அதன் காம்பைத் தடவியபடி, "உன்னை எங்கேயோ பார்த்திருக்கேனே" என்றார். கூட இருந்த மாமி காபி கலக்கும் வியாஜத்தில் உள்ளே போய்விட்டார்.

இதுவரை சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டேன். ஒரு விஷயத்தைச் சொல்ல மட்டும் சிரிப்பு வரவில்லை. சென்ற பங்குனியில் என் தாயார் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, குடும்பமே ஆஸ்பத்திரியில் கிடந்தது. செய்தி கேட்டவுடன் வள்ளல் கூப்பிட்டார். அம்மாவுக்கு எப்படி இருக்கிறது என்று கேட்கவில்லை. வயது என்ன, ஆபரேஷன் உண்டா, ஒன்றும் கேட்கவில்லை. "அப்போ தண்ணி யார் சார் ஊத்தறா?" என்றார். மனிதர்களைத் தொட்டியின் பின்னிணைப்பாக மட்டும் பார்க்கும் இந்தக் கண்ணோட்டம் எனக்கு அன்றும் பிடிக்கவில்லை, இன்றும் பிடிக்கவில்லை.

ஆனால் அன்று மாலையே காவலாளியிடம் மாடிச் சாவியை வாங்கிக்கொண்டு, மூட்டுவலிக்காரரான அந்த மனிதர், மின்சாரம் நின்ற நாட்களிலும் கைப்பிடியைப் பற்றிப் பற்றி நான்கு மாடி ஏறி, காலையும் மாலையும் நீர் விட்டு, தம் கைக்காசில் பச்சை நிழல்வலை வாங்கிக் கட்டி, நாங்கள் வீடு திரும்பும்வரை ஒரு செடியையும் சாகவிடாமல் காப்பாற்றியிருக்கிறார் என்பதையும் நியாயத்துக்காகச் சொல்லியாக வேண்டும். அம்மா படுக்கையிலிருந்தபடியே, "அவரை ஒண்ணும் சொல்லாதேடா" என்று எனக்கு உத்தரவு போட்டிருக்கிறாள்.

எனவே அவரிடம் ஒன்றும் சொல்லவில்லை. காணாமற்போன மூன்று பைகளைப் பற்றிக்கூட மெதுவாகத்தான் கேட்டேன். "உங்க மாடியில வெயில் ஜாஸ்தி சார், பாதுகாப்புக்காக நம்ம வீட்டுக்குக் கொண்டு போயிட்டேன்" என்றார். சித்திரை போய், ஆடியும் வந்துவிட்டது, பைகள் வரவில்லை. அவற்றில் ஒன்று அவர் கொடுத்ததே அன்று. என் மனைவி தன் பிறந்த வீட்டுக் கொல்லையிலிருந்து விதை கொண்டுவந்து வளர்த்த நாட்டுக் கத்தரி. சென்ற கூட்டத்தில் அதன் பழுத்த காயிலிருந்து எடுத்த விதையைச் சாம்பலில் புரட்டி, காகிதத்தில் மடித்து, மேலே என் பெயரை எழுதி, எல்லோருக்கும் எதிரில் என் கையிலேயே கொடுத்தார்.

"அபூர்வமான ரகம் சார், எங்கேயும் கிடைக்காது. உங்களை நம்பித்தான் கொடுக்கறேன்."